பீரோவின் கால் எலும்பு

"கீழ எல்லாம் போட மாட்டேன்."

போட்டுவிடுவீர்களா என்று யாரும் கேட்கவில்லை. பிரசவ வார்டு வாசலில் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேத்தியைக் கையில் வாங்கியதும் மனிதர் தானாகவே சொல்லிக்கொண்டார்.

பீரோ என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். வீடு மாற்றுகிறவர்களின் சாமான் தூக்குவது தொழில். இரும்புப் பீரோவை முதுகில் கட்டித் தனியாளாக மாடியேற்றுவார். போன மழையில் படி வழுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துபோனது.

மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர், மெல்ல மெல்ல ஊன்றி நடக்கட்டும் என்றுதான் சொன்னார். மனைவி வேறு சட்டம் போட்டாள். அவள் கட்டட வேலை செய்பவள். புதுத் தளம் போட்டால் தினமும் தண்ணீர் ஊற்றி, இறுகும்வரை ஒரு நாயைக்கூட மிதிக்க விடமாட்டாள். அதே நினைப்பில் புருஷனையும் கட்டிலில் போட்டாள்.

"செட் ஆகட்டுங்க. பச்சைத் தளத்தை மிதிக்கலாமா?"

"அப்ப என் கால்ல தினம் தண்ணி ஊத்துவியா?"

"தேவைப்பட்டா ஊத்துவேன். படுங்க பேசாம!"

மறுபடி எக்ஸ்ரே எடுத்தபோது டாக்டர் முகம் சுளித்தார். முறிந்த இடம் ஒட்டியிருந்தது. ஆனால் அந்தக் கால் எலும்பே மெலிந்துபோயிருந்தது.

"எலும்பு சிமெண்ட் இல்லம்மா, அதுக்கு உயிர் இருக்கு. பாரம் பட்டாத்தான் தன்னைக் கெட்டியாக்கிக்கும். சும்மா போட்டு வெச்சா, நமக்கு இங்க வேலை இல்லன்னு இளைச்சுடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. மகள் அப்போது மாசமாக இருந்தாள். வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பேரப்பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுவேன் என்று அவர் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமோ?

அன்று சாயங்காலமே கட்டிலை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். முதலில் கூடத்துக்குள் நடை. அப்புறம் ஒரு மாடி. அப்புறம் கையில் அரிசிப் பையோடு. டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு பிடி ஏற்றவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

"முனகுனா லோடு தானா ஏறிடுமா? நீங்கதான் ஏறணும், ஏறுங்க!"

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியதும், பேத்தியை ஏந்திக்கொண்டு அவர் ஏறினார். ஒரு படி கீழே அவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தியபடி. கால் நடுங்கவே இல்லை. படி திரும்பும் இடத்தில், பழக்கதோஷம், முதலில் முதுகைத் திருப்பி, "சுவரு, சுவரு, பாத்து!" என்று குரல் கொடுத்தார். ஒரு தலையணை அளவுகூட இல்லாத பிள்ளைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்!

சத்தம் கேட்டு இரண்டாவது மாடிக் கதவு திறந்தது. "யாரு வீட்டுக்குங்க சாமான் வருது?"

"எங்க வீட்டுக்குத்தான்!" என்றாள் அவள். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

மேலே போய்ப் பேத்தியை மகள் மடியில் இறக்கினார். வேர்க்காத கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"மாப்பிள்ளை, லோடு ரொம்ப லேசு. அடுத்தது எப்ப அனுப்புறீங்க?"