பஞ்சு வைக்காத போர்வை

மெல்பேர்னில், ஃபுட்ஸ்கிரே சந்தையில் ஓர் ஆபிரிக்கப் பெண் புதுத் துணி ஒன்றை உதறி விரித்தாள். அந்தக் கஞ்சி மணம் மூக்கில் பட்டதும், எழுபதுகளில் சாம்பியாவில் நாங்கள் இருந்த வீட்டு மாமரத்தடிக்குப் போய்விட்டேன்.

அப்பா அங்கே கணித ஆசிரியர். எனக்கு எட்டு வயது. பள்ளி விட்டு வந்தால், அம்மாவும் பக்கத்து வீட்டு மிஸஸ் பண்டாவும் பாயில் இருந்து, 'சிட்டெங்கே' என்ற அந்த ஊர்ப் பூத்துணியின் வெட்டுத்துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருப்பார்கள். வெக்கையான ஊர் என்பதால் உள்ளே பஞ்சு கிடையாது. மிஸஸ் பண்டாவுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். வீட்டில் எங்களோடு அம்மா அப்படிச் சிரித்ததே இல்லை. எனக்கு வயிறு எரியும்.

"எனக்கும் ஒண்டு தைச்சுத் தாங்கோ அம்மா" என்று நடுவில் போய் இருந்தேன்.

"இந்த வெக்கைக்குள்ள உனக்கேன் போர்வை? இது அவவின்ர மகளின்ர கலியாணத்துக்கு. தள்ளி இரு பிள்ளை, ஊசி குத்தும்."

அடுத்த வருடம் மெல்பேர்ன் வந்தோம். முதல் குளிருக்கே, நான் கேட்காமலே, அம்மா எனக்கொரு போர்வை தைக்கத் தொடங்கினாள். பஞ்சு வைத்த கனமான போர்வை. குசினி மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நான் மட்டும்தான். பள்ளிக்கூடத்துப் பகிடி எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல், மிஸஸ் பண்டா பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு கதைப்பதைப் போல நடித்துக் காட்டினேன். அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பும் மிஸஸ் பண்டாவுக்குத்தான் போனது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.