இரவல் வாங்கிய வீட்டு எண்

எந்த எண் கண்ணில் பட்டாலும் உதயசூரியன் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். பேருந்து, பர்மாவின் கியாத் பண நோட்டு, மருந்துச் சீட்டு, எதுவானாலும் உதடு அசையும். ஒன்பது வந்தால் முகம் தெளியும். எட்டு வந்தால் அன்று முழுக்கச் சிடுசிடுப்பு. மகள் சாந்தி இதைப் பார்த்தே வளர்ந்தவள்.

அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தது 431. கூட்டினால் எட்டு. யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் அவர்கள் இருந்த குடிசைகளை 1990இல் அகற்றி, நகருக்கு வெளியே புதுநகரில் மனை கொடுத்தார்கள். தெருவுக்குப் பெயர் இல்லை. முளைக்குச்சியில் எழுதிய எண்தான் விலாசம். "சனியன் வாசல்லயே வந்து உக்காந்திருச்சு" என்று புலம்பினார். அஞ்சல் குறியீட்டு எண்ணையும் கூட்டிப் பார்த்தார். அதுவும் ஒன்பது வரவில்லை, மாற்றவும் வழியில்லை.

அடுத்த மனை 432. அங்கே பர்கத்துல்லா டீக்கடை வைத்திருந்தார். தனி ஆள். சாந்தி பத்தாம் வகுப்பில் தவறிய அன்று உதயசூரியன் வேலியோரம் போய் நின்றார்.

"பாய், உங்க நம்பரைக் கொஞ்ச நாள் குடுங்க."

"சீனி கேப்பாங்க, பால் கேப்பாங்க. நம்பர் கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே!"

"புள்ள பட்டம் வாங்குற வரைக்கும். அப்புறம் தந்துர்றேன்."

"எடுத்துட்டுப் போங்க. எட்டு வந்து என் டீயைக் கசக்க வைக்குதான்னு பாப்போம்."

வாசலில் மாட்டியிருந்த எண் பலகைகள் இடம் மாறின. அடுத்த ஆண்டு சாந்தி தேறினாள். படித்ததால் தேறினாளா, பலகையாலா? கேட்டுத் தெளிய அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன் படித்தவர் யாருமில்லை. அஞ்சல்வழியில் படித்துப் பட்டமும் வாங்கினாள்.

"பலகையைக் குடுத்துரலாமாப்பா?"

"வேலைக் கடிதம் வரட்டும்மா."

அந்த ஏப்ரலில், தண்ணீர்த் திருவிழா விடுமுறைக்குக் கியாக்தானில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, கதவிடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. பர்கத்துல்லாவுக்கு வந்தது. புதிதாக வந்த தபால்காரர் பலகையை மட்டும் பார்த்துப் போட்டிருந்தார். சாந்தி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பர்கத்துல்லா நின்றபடியே படித்தார். பினாங்கிலிருந்து தம்பி ஜமால் எழுதியது. அங்கே உணவுக்கடையில் இவருக்கு ஒரு வேலை; ஆனால் அதற்கு ஆள் அனுப்பும் முகவரைப் போய்ப் பார்க்க வேண்டிய நாள் கடந்துவிட்டது.

"பழைய நம்பரையே போட்டிருக்கான், மடையன். நாந்தான் மாத்திச் சொல்லல" என்று சிரிக்கப் பார்த்தார். "உக்காரும்மா, டீ குடி."

சாந்தி பாதி டீயை வைத்துவிட்டுத் திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும், "இப்பவே கழட்டுங்கப்பா" என்றாள்.

அப்பா சுத்தியலை எடுத்தார். பிறகு திரும்பிக் கேட்டார்: "உன் வேலைக் கடிதமும் இந்த நம்பருக்குத்தானே வரணும்?"

சாந்தி சுத்தியலை வாங்கி உள்ளே வைத்தாள்.

மழைக்காலத்தில் பள்ளியிலிருந்து ஆசிரியை வேலை ஆணை வந்தது. அதற்குள் பர்கத்துல்லா கடையை விற்றுவிட்டு மாவ்பி என்ற ஊருக்குப் போயிருந்தார். பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. 2008 புயலில் இரண்டு பலகைகளும் பறந்தன. வட்டார அலுவலக ஆள் வந்து எண் கேட்டபோது, பக்கத்தில் சாந்தி நிற்கும்போதே அப்பா முந்திக்கொண்டு "432" என்றார். இரண்டு ஆண்டுகளில் அவர் இறந்துபோனார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தி மாவ்பி பேருந்து நிற்கும் இடம்வரை போகிறாள். போய் எதைக் கொடுப்பது? பலகையையா, பினாங்கையா? பேருந்து கிளம்பியதும் வீட்டுக்கு நடக்கிறாள். பர்கத்துல்லாவுக்கு இன்னும் யாரும் எதையும் திருப்பித் தரவில்லை.