பாலத்து நெரிசலில் என்னை உட்கார வைத்தவர்

டாக்டர் செலின் செவ்வாய்க்கிழமை காலையில் காலமானார். செய்தி வந்தபோது, சிங்கப்பூருக்குக் காய்கறி ஏற்றிய லாரியில், கெலாங் பாத்தா பக்கத்து எல்லைப் பாலத்து நெரிசலில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்த நிம்மதியே அவர் கொடுத்ததுதான்.

முன்பு லாரியிலிருந்து விழுந்து எனக்கு முதுகெலும்பில் அடி. நடக்க முடிந்தது, சிறுநீரைத்தான் அடக்க முடியவில்லை. பாலத்தில் வண்டி நகராது, கழிப்பறை கிடையாது. தண்ணீரே குடிக்காமல் போய்ப் பார்த்தேன். நாக்கு காய்ந்தது, கால்சட்டை நனைந்தது. அக்கரை வாடிக்கைகள் ஒவ்வொன்றாய்க் கைநழுவின. தொழிலையே விட்டுவிட இருந்தேன்.

செலின் கோத்தா திங்கி தோட்டத்தில் பிறந்து அறுவை மருத்துவரானவர். சோதனைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மூத்திரப்பை நல்லாதான் இருக்கு அண்ணே. அதுக்கும் மூளைக்கும் சேதி கொண்டுபோற நரம்புதான் தப்புத்தப்பா சொல்லுது. மாத்திரையும் கேக்கல. இடுப்புல சின்னக் கருவி வச்சு அந்த நரம்ப வழிக்குக் கொண்டு வரலாம்.”

“சாம்பிள் பாக்காம நான் சரக்கு எடுக்கிறதில்ல, டாக்டர்.”

கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “சாம்பிள் இருக்குலா. மொதல்ல கம்பி மட்டும் உள்ள, பெட்டி வெளிய பெல்ட்டுல. ஒழுகுறது பாதிக்குப் பாதியாவது கொறஞ்சாத்தான் நெரந்தரமா வைப்பேன். இல்லன்னா உருவிடுவேன்.”

இப்படிச் சரக்கு விற்பவரை நான் எந்தச் சந்தையிலும் கண்டதில்லை.

கம்பி வைத்ததும் அவரே சொன்னார்: “வீட்டுலயே இருந்தா என்னா தெரியும்? வேற ஆள ஓட்டச் சொல்லி, வெள்ளிக்கிழம சாய்ங்காலம் பாலத்துக்குப் போங்க.”

போனேன். வண்டி ஊர்ந்தது, மழை வேறு. நடுப்பாலத்தில் வேண்டுமென்றே ஒரு போத்தல் தண்ணீர் குடித்தேன். அக்கரை வந்து கழிப்பறைக்கு நடந்தே போனேன். அங்கிருந்தே போன்.

“டாக்டர், காஞ்சிருக்கு!”

“அலமாக், கத்தாதீங்க அண்ணே, வார்டுல இருக்கேன்” என்றார், என்னைவிட உரக்க.

நிரந்தரக் கருவிக்குப் பேரம் பேசிப் பார்த்தேன். பேச்சு நடந்தது, அவர் சொன்ன விலையே நின்றது, கூடவே ஒரு நிபந்தனையும். பிறகு இதே தொல்லையோடு நான் அனுப்பிய லாரிக்காரர்களில் இருவரை, மாத்திரையே போதும் என்று கத்தி வைக்காமல் திருப்பி அனுப்பினார்.

மாசாய் தேவாலயத்தில் அடக்கப் பூசை நீண்டுகொண்டே போனது. நானும் நான் அனுப்பியவர்களும் ஒரே வரிசையில் இருந்தோம். ஒருவர்கூட எழுந்து வெளியே ஓடவில்லை.

போய் வாருங்கள், டாக்டர். நாம் பேசி முடித்தது நினைவிருக்கிறது: கட்டணத்தில் ஒரு காசு குறையாது, பாலத்தில் நெளிகிற ஆளைக் கண்டால் நான் வெட்கப்படாமல் வாய் திறந்து உங்களிடம் அனுப்ப வேண்டும்.