ராத்தாவுக்கு விழுந்த என் புள்ளி

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை, எந்தப் பல்கலைக்கழகத்தை முதல் விருப்பமாகப் போடுவது என்பதுதான் எங்கள் கற்பிட்டி வீட்டில் ஒரே கதை. கொழும்புப் பக்கம் ஒரு பெரியது. தூரத்தில் ஒரு சிறியது. வெங்காயத் தோட்டம் செய்யும் வாப்பாவுக்குப் பெரியதில்தான் ஆசை.

பெரியும்மாவின் மகள், எனக்கு அக்கா முறையான ராத்தா, அந்தப் பெரியதில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். "வந்து பாத்துட்டு முடிவெடு" என்று என்னை வகுப்புக்கே கூட்டிப்போனாள். முன்னூறு பேர் வரை இருந்த மண்டபத்தில் நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பொருளியல் வகுப்பு. விளைச்சல் கூடினால் விவசாயி ஏன் நட்டப்படுகிறான் என்று சேர் கேட்டார். நான் என்னை மறந்து எழும்பி, எல்லாரும் ஒரே நேரத்தில் வெங்காயம் பிடுங்கினால் விலை விழுந்துவிடும் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். சேருக்கு நல்ல சந்தோஷம். புள்ளி போட என் பதிவிலக்கத்தைக் கேட்டார். அங்கே படிக்காத எனக்கு ஏது இலக்கம்? பக்கத்திலிருந்த ராத்தா சட்டென்று தன் இலக்கத்தைச் சொன்னாள். அவரும் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்து இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். "மூணு வருஷமா அவர்ட்ட படிக்கிறன். என்ட முகம் அவருக்குத் தெரியா" என்றாள் ராத்தா.

வீட்டில் இதைச் சொன்னபோது உம்மாவும் சிரித்தார். வாப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தச் சின்னதுல ஒரு சேருக்கு எத்தின புள்ள?"

"பத்துப் பதினஞ்சு பேர்தானாம், வாப்பா."

"அப்ப அதையே முதலாவதாப் போடு, மகள்."

அப்படித்தான் அங்கே போனேன். குறையும் இருந்தது. ஒரு சேர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனதும், அவர் எடுத்த இரண்டு பாடங்கள் அப்படியே நின்றன. ராத்தா படித்த நூலகத்தில் பாதிகூட எங்களிடம் இல்லை. ஆனால் எங்களுக்குப் படிப்பித்த மிஸ் என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்து என் கட்டுரைகளைத் திருத்தினார். கூச்சப்பட்டுக்கொண்டு பின்வரிசையில் இருந்துவிடலாம் என்றால், பின்வரிசையே இருக்கவில்லை.

ஒரு முறை விடுமுறை முடிந்தும் ஊரிலேயே நின்றுவிட்டேன். மிஸ் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். வாப்பாதான் பேசினார்.

"ஓம் மிஸ், சுகமாத்தான் இரிக்கிறா. உம்மாட சாப்பாட்டை விட்டுட்டு வர மனமில்ல."

பிறகு தேநீர்க் கடையில், மகளைத் தேடி கெம்பஸிலிருந்தே அழைப்பு வந்ததாக எல்லாரிடமும் சொல்லி வைத்தார். மறுநாள் காலை நான் பஸ் ஏறினேன். மிஸ்ஸுக்கென்று உம்மா கட்டித்தந்த கருவாடு வழி முழுக்க மணத்தது.