ஜன்னலோரப் பெஞ்சு

மகள் கல்லூரிப் பாடத்துக்காகப் பழைய அமெரிக்க நாவலொன்றைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். கறுப்பர்களைத் தனியே உட்கார வைக்கும் ஊரின் கதை.

எழுபதுகளில், பேரணாம்பட்டுப் பள்ளியில், அதே கதையைச் சொல்லும்போது டீச்சர் அழுதேவிட்டார். நான் ஜன்னலோரம் தனிப் பெஞ்சில் இருந்தேன். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். “இன்னா நாத்தம்டி, ஜன்னலாண்ட போய் உக்காரு” என்று என்னை அங்கே அனுப்பியதே டீச்சர்தான். ஊர் முழுக்க அடித்த வாடைதான் அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நம்ம ஊர்ல இப்டி உண்டா?” என்று கேட்டார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. டீச்சரும் பார்த்தார்.

“இல்ல டீச்சர்.” முதலில் சொன்னது நான்தான்.

மகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். “நீ படிக்கும்போது இங்க இப்டி இருந்துச்சாம்மா?”

அதே பதில்தான் முதலில் வாய்க்கு வந்தது.