இத்தாலிக்காரர் வரைந்த முதுகு

இன்று என் மகளின் போனில் என் முகம் மட்டுமே நூறு இருக்கும். அம்மா போனபோது நான் சின்னப் பிள்ளை. எங்கள் வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணத்தில் எடுத்ததைக் கரையான் தின்றிருந்தது. முதல் வருஷத் திவசம் நெருங்க நெருங்க அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எதன் முன்னால் இலை போடுவது என்பதுதான் அவர் கவலை.

மண்ணரை என்ற ஊரில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. கம்பெனியிலிருந்து கட்டுக்கட்டாக வரும் பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்தே அம்மா உட்கார்ந்திருப்பாள். அவளுடைய முதுகும் கொண்டையும்தான் எனக்கு நன்றாக ஞாபகம்.

அதே கம்பெனியில் செக்கிங் பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பழைய காலண்டரோடு வந்தார். பனியன் வாங்க வந்த இத்தாலிக்காரர் விட்டுப்போனது. அதில் ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து சிவப்புத் துணி தைக்கிறாள். முகம் அந்தப் பக்கம். கொண்டை அப்படியே அம்மாவுடையது.

வரைந்தவர் அந்த இத்தாலிக்காரரின் ஊராம். நூறு வருஷத்துக்கும் முந்தியவர். பெயர் மாமாவின் வாயில் நுழையவில்லை. ராஜாக்களை வரையாமல் துணி துவைப்பவர்களையும் தைப்பவர்களையும் வரைந்தாராம். யாரும் வாங்கவில்லை. மனைவிதான் கூலிக்குத் தைத்துச் சோறு போட்டிருக்கிறாள். அவள் செத்த பிறகு அவளை மட்டுமே வரைந்தாராம், அதே ஜன்னலில். முகத்தை வரைவாராம், இது அவளில்லை என்று அழிப்பாராம். கடைசியில் திருப்பி உட்கார வைத்துவிட்டார். மேனேஜர் சொல்லக் கேட்டதை மாமா சொன்னார்.

"பாவம் மாப்ள அந்த மனுசன்," என்றார் அப்பா. மறுநாளே படத்துக்குக் கண்ணாடி போட்டு வந்தார்.

திவசத்தன்று மாலை சாத்தியாயிற்று. குங்குமம் தொட்ட விரலோடு அப்பா படத்தின் முன் அப்படியே நின்றார்.

"ஏனுங்க மச்சான், நெத்தியே காணோம். கொண்டைலயா பொட்டு வெப்பீங்க?" என்றார் மாமா, சிரிக்கப் பார்த்து.

"பொறு மாப்ள."

அப்பா படத்தை ஆணியிலிருந்து கழற்றித் திருப்பினார். பின்பக்க அட்டையில் ஓரிடத்தில், தயங்காமல், பொட்டு வைத்தார். மறுபடி மாட்டினார். சுவருக்குப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது எனக்கு, சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கம் அம்மாவின் முகம் இருக்கும் என்று நினைத்தேன். பழுப்பு அட்டையில் பொட்டு மட்டும் இருந்தது. ஒன்றுமே இல்லாத இடத்தில் அப்பா எதைப் பார்த்து வைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை.