ஏழுமலை அண்ணன் காட்டிய பழைய வீடு

போன வாரம் ஒரு காலை. என் பெரிய மகள் கயல் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். மதியம் அவளுக்கு இன்டர்வியூ. அவள் செய்த வெப்சைட்டைத் திறந்து பார்த்துத்தான் கேள்வி கேட்பார்களாம். முந்தின நாள்தான் அதை வேறு சர்வருக்கு மாற்றியிருந்தாள்.

என் போனில் திறந்தால்... பழைய சைட்! பாதி வேலை முடியாத பக்கம்.

“நீ இன்னும் மாத்தலைம்மா” என்றேன்.

“மாத்திட்டேன்பா! நம்ம நேம்சர்வர்ல புது அட்ரஸ்தான் இருக்கு. சைட் எங்க இருக்குன்னு உன் போன் பப்ளிக் ரிசால்வரைக் கேக்குது. அது பழசையே ஞாபகம் வெச்சிகினு சொல்லுது. கம்பெனிக்காரங்களும் அதையே கேட்டா நான் காலி!”

நேம்சர்வர், ரிசால்வர் — பத்தாவதோடு நின்ற எனக்கு என்ன புரியும்? ஆனால் பிள்ளைகளே, சட்டென்று ஏழுமலை அண்ணன் நினைவுக்கு வந்தார்.

ஒரகடத்தில் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். எங்களிடம் செல்போன் கிடையாது. படப்பை ஆட்டோ ஸ்டாண்டில் ஏழுமலை அண்ணனைக் கேட்டால் யார் வீட்டுக்கும் வழி கிடைக்கும். தெரியாவிட்டால் வீட்டுக்காரரையே தேடிப்போய்க் கேட்டு வருவார். அப்புறம் கொஞ்ச நாளைக்கு ஞாபகத்திலிருந்தே சொல்வார். எவ்வளவு வசதி!

நாங்கள் வடக்குப்பட்டிலிருந்து சேரப்பணஞ்சேரிக்குக் குடிமாறினோம். அந்த வாரமே எனக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். அண்ணன் நேராகக் கொண்டுபோய் வடக்குப்பட்டில் இறக்கிவிட்டார். பூட்டிய கதவு. வாசலில் யாரோ கட்டிய ஆடு.

“இன்னாய்யா இது? இந்த ஆட்டுக்கா என் பொண்ணைக் குடுக்கறது?” பெண்ணின் அம்மா கத்தியிருக்கிறார்.

“போன வாரம் இங்கதாம்மா இருந்தாங்க!”

அண்ணன் பொய் சொல்லவில்லை. என் வீடு எது என்று முடிவு செய்கிறவன் நான். அவர் கேட்டுச் சொல்கிறவர். மறுபடி என்னைக் கேட்கும்வரை அவருக்கு எப்படித் தெரியும்?

கோபத்தோடு திரும்பக் கிளம்பியவர்களை ஏற்றிக்கொண்டு, நேரே என் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார். ஷிப்ட் நடுவில் ஓடிவந்து வழி சொன்னேன். கல்யாணம் நின்றுபோகாமல் தப்பியது.

இந்தக் கதையைக் கயலிடம் சொல்லிக் கேட்டேன்: “அப்போ நேம்சர்வர் நானு, ரிசால்வர் ஏழுமலை அண்ணன்... சரியாம்மா?”

“அதேதான்பா! எவ்ளோ நேரம் ஞாபகம் வெச்சிக்கணும்னு நம்ம நேம்சர்வரே சொல்லியிருக்கும். அது முடிஞ்சா ரிசால்வர் திரும்ப வந்து கேக்கும்.”

இன்டர்வியூவுக்குக் கொஞ்சம் முன்னால் என் போனில் புது சைட் வந்தது. கயல் முகத்தில் உயிர் வந்தது.

அடுப்படியிலிருந்து அவள் அம்மாவின் குரலும் வந்தது:

“அன்னிக்கி அந்த அண்ணன் திரும்பக் கேக்காம வுட்டிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்!”